அக்கா கழுவி வைத்த வாள்

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் எங்கள் வீட்டைக் காட்டிவிடுவார்கள். "ஆசிட் அக்கா வீடா? அதோ, அந்தப் பச்சை கேட்டு" என்பார்கள். கேட்டவர் கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே வருவார். ஆசிட் என்று காதில் விழுந்தால் யாருக்குத்தான் பயம் வராது. வந்து பார்த்தால், ஒட்ட வெட்டிய நரைமுடியும் முழங்கைவரை ரப்பர் உறையுமாக ஒரு பெண்மணி துவைக்கிற இடத்தில் நின்றுகொண்டு, "செருப்பை அங்கேயே விடுங்க. எதையும் தொடாதீங்க" என்பார்.

அவர் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் என்னை 'இவளே' என்பார். கொஞ்சம் எரிச்சலாக இருந்தால் 'புண்ணியவதி' என்பார். காலையும் மாலையும் நான் கண்ணை மூடி உட்கார்ந்து கடவுளிடம் பேசுவதைப் பார்த்து வைத்த பேர் அது.

அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் அவர் இருந்தது மூன்றே மாதம். ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களிடம், "அங்க எல்லாம் மொக்கைக் கத்தி. தக்காளிகூட நசுங்குது" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாராம். முப்பது வருடம் ஆகிவிட்டது. இன்றுவரை அதற்கு மேல் எங்களுக்கும் தெரியாது.

அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கத்தரி, இடுக்கி செய்கிற பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடம் மெருகு போடும் வேலை பார்த்தார். கத்தரிமேல் பட்டறையின் முத்திரையைப் பதிக்க அங்கே ஒரு பழுப்புத் தண்ணீர் வைத்திருப்பார்கள். அது இரும்பை மெல்ல அரிக்கும். ஒரு நாள் முதலாளி, தன் வீட்டுச் சுவரில் தொங்கிய பழைய வாளைத் துருப் போக்கித் தரச்சொல்லிக் கொடுத்தார். அக்கா தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். பக்கத்தில் இருந்த பழுப்புத் தண்ணீர் ஒரு சொட்டு அதன்மேல் சிந்திவிட்டது. பதறித் துடைத்துப் பார்த்தால், சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் இரும்புக்குள்ளிருந்து நெளிவு நெளிவாக ஏதோ எழும்பி நிற்கிறது. ஈர மணல்மேல் தண்ணீர் ஓடி வடிந்த மாதிரி. பழைய காலத்துக் கொல்லர்கள் சில வாள்களை அப்படி ஒரு இரும்பில் செய்திருக்கிறார்கள். துருவும் மெருகும் அதை மூடிவிடும். அந்தத் தண்ணீர் பட்டால் ஓர் இடம் கறுக்கும், ஓர் இடம் வெளுப்பாக நிற்கும், உள்ளே இருக்கும் நெளிவு வெளியே வரும்.

"அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம்" என்பார் என் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "ஊர்ல எல்லாரும் வீட்டுல மீன் வளர்க்கிறான், நாய் வளர்க்கிறான். எங்க அக்கா துருவ வளர்க்குது."

"வளர்க்கலடா, வழிச்சு எறியறேன். நீ உன் லிஃப்டுல ஏறி இறங்கு" என்பார் அக்கா.

பட்டறையை மூடிய பிறகு துவைக்கிற இடமே அக்காவின் வேலையிடம் ஆனது. மழைத்தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து, இரண்டு முனையையும் அடைத்து, வாள் படுக்கிற அளவுக்கு ஒரு தொட்டி செய்துகொண்டார். பட்டறையில் இருந்த பழுப்புத் தண்ணீர், சர்க்யூட் போர்டு அரிக்கிற ஆசிட்தான்; அது ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைக்கும். கதவின் உள்பக்கம் சாக்கட்டியால் வேலையை எழுதி வைத்தார். ஒன்று, துரு பார். இரண்டு, எண்ணெயில் ஊற வை. மூன்று, தேய். நான்கு, முத்திரை இருந்தால் அதன்மேல் தேய்க்காதே. ஐந்து, கழுவு. ஆறு, தண்ணீர் ஊற்றிப் பார். ஏழு, ஆசிட். எட்டு, சோடா உப்பு. ஒன்பது, காய வைத்து மெழுகு போடு. ஒவ்வொன்று முடிந்ததும் பக்கத்தில் ஒரு கோடு போடுவார்.

இதில் ஐந்தையும் ஆறையும் மட்டும் நான் கொஞ்சம் விளக்க வேண்டும். என் கதையே அங்கேதான் மாட்டிக்கொண்டது. இரும்பில் கடுகளவு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அந்த இடத்தை ஆசிட் கடிக்காது. அதனால் சோப்புத்தூளும் சுண்ணாம்புமாகத் தேய்த்துக் கழுவி, சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். எங்காவது முத்து முத்தாகப் பிரிந்தால் அங்கே பிசுக்கு இருக்கிறது. திரும்பவும் கழுவ வேண்டும். இது முழுக்க முழுக்கக் கண்ணால் பார்க்கிற வேலை.

போன வருடம் அக்காவின் கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் ஆயிற்று. எட்டு மாதம் புது வேலை எதையும் எடுக்கவில்லை. தான் வாங்கி வைத்திருந்த பழைய வாள்களை எடுத்து ஈரம் கோத்திருக்கிறதா என்று பார்ப்பதும், மெழுகைப் புதுப்பித்து மறுபடி துணியில் சுற்றுவதுமாக இருந்தார். அப்புறம் மருந்துக்கடைக்காரர் தன் கொள்ளுத்தாத்தாவின் வாளோடு வந்தார். வாளைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு ஆபரேஷன்னு சொன்னாங்களே. இப்பத் தெரியுதா?"

"உங்க சட்டைல ரெண்டாவது பட்டன் வேற கலர் நூலு" என்றார் அக்கா.

அவர் குனிந்து பார்த்துவிட்டு வாளைக் கொடுத்தார். கைப்பிடிக்குப் பக்கத்தில் நகத்தளவு ஒரு முத்திரை இருந்தது, ஆறு இதழ் பூ மாதிரி. செய்தவனுடைய அடையாளம். தேய்ந்து தேய்ந்து, காகிதத்தில் பேனா அழுத்தின அளவுக்குத்தான் பள்ளம் மிச்சம். "இது போயிடக் கூடாது. இது நல்லா வந்தா வீட்டுல இன்னும் மூணு இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை வர்றேன்" என்று சொல்லிப் போனார்.

அவர் போனதும் அக்கா என்னிடம் சொன்னார்: "இவளே, இது ஒண்ணு சரியா வந்துட்டா நான் இன்னும் இருக்கேன்னு அர்த்தம். வரலைன்னா எல்லாத்தையும் ஏறக்கட்டிட வேண்டியதுதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று சாப்பிடும்போது ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

மறுநாள் என் மகளுக்குப் பிரசவ வலி என்று செய்தி வர, நான் கிளம்பிவிட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பினேன்.

இங்கே என் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாருக்கும் சொன்னதில்லை. வாளை அழகுக்கென்று செய்யவில்லை. யாரையோ வெட்டத்தான் செய்தார்கள். ஒவ்வொரு வாளும் வீட்டுக்கு வருகிற அன்றே, அக்கா பார்க்காதபோது அதன்மேல் நான்கு விரலை வைத்து, இதனால் உயிர் போனவர்களுக்கு நல்ல கதி கொடு என்று வேண்டிக்கொள்வேன். அவர்களுக்காக வேண்ட இந்த உலகத்தில் வேறு யார் இருக்கப் போகிறார்கள். அக்காவிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை. வருகிற அன்று வாளில் துருவும் அழுக்கும்தானே, கை வைத்தால் ஒன்றும் ஆகாது.

இந்த வாள் வந்த நாளில் அக்கா அதைவிட்டு நகரவே இல்லை, அதனால் அது தவறிப்போயிருந்தது. பன்னிரண்டு நாளும் மனதில் ஒரு முள். புதன்கிழமை காலை, கேஸ் சிலிண்டர்க்காரன் குரல் கொடுத்தான். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு வாசலுக்குப் போனார். நான் துவைக்கிற இடத்துக்குள் போனேன். இரண்டு மரக்கட்டைமேல் வாள் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தது. உப்புத்தாள் துண்டுகள் சுற்றிலும் கிடந்தன. ஆசிட் கேன் மூடியிருந்தது. இன்னும் தேய்க்கிற வேலைதான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். துணியை விலக்கி, கைப்பிடிக்குப் பக்கத்தில் நான்கு விரலை வைத்தேன். கண்ணை மூடினேன். வேண்டினேன். துணியைப் போர்த்திவிட்டு வந்துவிட்டேன். கதவின் உள்பக்கம் ஆறுக்கு நேரே அக்கா கோடு போட்டிருந்ததை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் கூப்பிட்டார். நெளிவு எழும்பும்போது என்னை எப்போதும் கூப்பிடுவார். "இவளே, வா வா, ஏந்திரிச்சு வருது."

போய் நின்றேன். பஞ்சால் ஆசிட்டைத் தொட்டுத் தொட்டு நுனியிலிருந்து தடவிக்கொண்டு வந்தார். சாம்பல் நிறம் படர்ந்து, அதற்குள் நெளிவுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிளம்பின. அக்கா வாய்க்குள் ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தார். கைப்பிடிப் பக்கம் வந்ததும் முனகல் நின்றது. அங்கே நான்கு வெளுப்புத் திட்டுகள். சாய்வாக, பக்கம் பக்கமாக. மறுபடி தடவினார். மறுபடி. சுற்றிலும் கறுத்தது. அந்த நான்கும் கறுக்கவில்லை. கடைசித் திட்டு முத்திரையின் பாதியை மூடியிருந்தது.

"பிசுக்கு" என்றார். "கழுவினேனே. தண்ணி ஊத்திப் பார்த்தேனே. நல்லா வழிஞ்சுதே."

மூன்றாவது திட்டின் நடுவே மெல்லிய கோடு ஒன்று குறுக்கே போனது. என் மோதிர விரலில் தையல் மெஷின் ஊசி இறங்கிய தழும்பு அது. அக்காவுக்கு அது வெறும் கறை. எனக்கு அது என் கையெழுத்து.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அக்கா திரும்பி என்னைப் பார்த்து, "கண்ணு ஏமாத்திடுச்சு இவளே" என்றார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நான் கீழே கிடந்த உப்புத்தாள் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

வியாழக்கிழமை காலை, அக்கா ஓர் இரும்புத் தகட்டைக் கழுவி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இதுல எங்கயாவது ஒரு துளி எண்ணெய் வை. எங்கன்னு சொல்லாதே." வைத்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்து, "இதோ" என்று சரியான இடத்தைத் தொட்டார். இன்னொரு முறை. அதுவும் சரி. ஐந்து முறை செய்தார். ஐந்தும் சரி. எனக்கு உயிர் வந்தது. இதோடு சமாதானம் ஆகிவிடுவார், நான் சொல்ல வேண்டிய அவசியமே வராது என்று கோழைத்தனமாக நினைத்தேன்.

அவர் தகட்டைக் கீழே வைத்துவிட்டார். "இப்பத் தெரியுது. நேத்துத் தெரியல. அப்போ வந்து வந்து போகுது. ஒரேயடியாத் தெரியாமப் போனாக்கூட நம்பலாம். இப்படி நேரத்துக்கு ஒண்ணா இருக்கிற கண்ணை வச்சுக்கிட்டு அடுத்தவன் பொருளைத் தொட முடியாது."

கைப்பேசியை எடுத்து ரேடியோ ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டார். ஆசிட் கேன், கண்ணாடிக் குடுவை, தராசு எல்லாவற்றையும் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர் நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கடவுளிடம் அழுதேன். என்னை மன்னித்துவிடு, அக்காவின் மனதைத் தேற்று என்று வேண்டினேன். சாப்பாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டார்.

"கடவுள்கிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அக்காகிட்ட?"

நான் அவர் தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன்.

"அவருக்கு முன்னாடியே தெரியும். தெரியாதது அக்காவுக்குத்தான். ஆளு மாத்திச் சொல்லிட்டு வந்து உட்கார்ந்திருக்கே" என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டினார். வாசலில் நின்று, "மணி மூணேகால்" என்று மட்டும் சொன்னார்.

கால் மணி நேரம் சமையலறையில் கழுவின பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் டப்பாக்கள் அட்டைப்பெட்டிக்குள் இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு டப்பாவும் என் நெஞ்சில்தான் இறங்கியது. சாக்கட்டி எழுத்தை ஈரத்துணியால் துடைக்கிற சத்தமும் கேட்டபோது தாங்கவில்லை. போனேன்.

அக்கா என்னைக் கவனிக்கவில்லை. நான் வாளின் பக்கத்தில் போய் என் நான்கு விரலை அந்த நான்கு திட்டின்மேல் வைத்தேன். அச்சாகப் பொருந்தின.

"எடு கையை. என்ன பண்றே?"

"இது என் விரல் அக்கா. உங்க கண்ணு இல்ல. நான்தான் தொட்டேன்."

அக்கா பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். என் கையைத் திருப்பி மோதிர விரலைப் பார்த்தார். வாளைப் பார்த்தார். மறுபடி விரல்.

"மெஷின் ஊசி குத்தினதுதானே இது?"

"ஆமா."

"எப்ப வச்சே?"

"நேத்துக் காலைல. சிலிண்டர் வந்தப்போ."

"எதுக்கு?"

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி பட்டது.

"செத்தவங்களுக்கா? எவன் செத்தான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதவனுக்காகவா எல்லா வாளையும் தொட்டே? முதல்லேர்ந்தா?"

"முதல்லேர்ந்து. முப்பத்தியொண்ணு."

அக்கா தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். தொட்டதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். அதற்குத் திட்டவில்லை.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து நான் குருடியாயிட்டேன்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். காலைல அஞ்சு தடவை உன் கையாலயே எண்ணெய் வைக்கச் சொன்னேன். அஞ்சு தடவையும் நீ வாயைத் திறக்கல. வேண்டத் தெரியுது, பேசத் தெரியலியா புண்ணியவதி?"

என் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு ரிப்பேர்க்காரர் வந்தார். அக்கா கேட் வரைக்கும் போய், "இல்லப்பா, வேணும். நீ போ" என்று அனுப்பிவிட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. டீ வைத்தேன், குடித்தார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை என் அறை வாசலில் நின்று, "வந்து விளக்கைப் பிடி" என்றார். முத்திரையைத் தொடாத முதல் மூன்று திட்டுகளையும் மெல்லிய உப்புத்தாளால் எடுத்து, கழுவி, தண்ணீர் ஊற்றினார். "நீயும் பாரு. முத்து இருக்கா?" என்றார். இல்லை என்றேன். ஆசிட் தடவியதும் மூன்று இடத்திலும் நெளிவு எழும்பி, சுற்றியிருந்ததோடு சேர்ந்துகொண்டது. நான்காவதுதான் முத்திரைமேல் கிடந்தது. தீக்குச்சி முனையைச் சீவி, அதில் பஞ்சைச் சுற்றி, ஆசிட்டைத் தொட்டு, இதழ்களுக்கு வெளியே மட்டும் இரண்டு மணி நேரம் தடவினார். "விளக்கை ஆட்டாதே. உன்னை நான் இன்னும் மன்னிக்கல, ஆனா ஆட்டாதே" என்றார். பாதி விரல் போயிற்று. மிச்சப் பாதி போக வேண்டுமென்றால் பூவும் போக வேண்டும். அக்கா குச்சியைக் கீழே வைத்துவிட்டார். ஆசிட் மேலும் கடிக்காமலிருக்கச் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, காய வைத்து, மெழுகு போட்டுத் தேய்த்தார்.

சனிக்கிழமை மருந்துக்கடைக்காரர் வந்ததும், வாளைக் கையில் கொடுக்கும் முன்பே அக்கா சொல்லிவிட்டார். "இங்க அரை விரல் அளவு வெளுப்பா இருக்கும். ஆசிட் போடறதுக்கு முன்னாடி கை பட்டுடுச்சு. எங்க வீட்டுல நடந்த தப்பு. அழிச்சா உங்க முத்திரையும் போயிடும். அதனால விட்டுட்டேன்."

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டி, கழற்றி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. அக்கா ஓர் ஊசி முனையால் காட்டின பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் முகம் சுருங்கியது.

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"உங்களுக்குப் பின்னால நல்ல கண்ணோட ஒருத்தன் வருவான்ல" என்றார் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. வாளைத் துணியில் சுற்றிக்கொண்டு, "மத்த மூணையும் யோசிச்சுச் சொல்றேன்" என்று போனார். ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் யோசிக்கிறார். அந்த வழியாகப் போகும்போது மருந்துக்கடைக்கு எதிர்ப்பக்கமாகவே நடக்கிறேன்.

அவர் போன பிறகு அக்கா சாக்கட்டி எடுத்தார். துடைத்த கதவில் புதிதாக எழுதினார். ஒன்று, துரு பார். இரண்டு, எண்ணெயில் ஊற வை. மூன்றாவதாக என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். 'இவள் கும்பிட' என்று இருந்தது. அதற்குக் கீழே தேய்ப்பதும் கழுவுவதும் எல்லாம் ஒவ்வொரு எண் இறங்கி, மொத்தம் பத்தாகிவிட்டது.

"சிரிக்கலியா அக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்குச் சிரிக்கணும். வேலைன்னா அதுக்கு ஒரு நேரம் இருக்கணும். நேரம் தப்பினதுதான் தப்பு." சாக்கட்டிப் பொடியைக் கையிலிருந்து தட்டினார். "ஊருக்குப் போயிருந்தா அந்தக் கோடு விழாது. நீ வர்ற வரைக்கும் எண்ணெயிலேயே ஊறட்டும்."

முப்பத்தியிரண்டாவது வாள் போன மாதம் வந்தது. ஒரு நீதிமன்ற குமாஸ்தா கொண்டுவந்தார். இப்போதெல்லாம் துவைக்கிற இடத்துக்குள் போகும்போது கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போகிறேன். கதவைப் படிக்கிறேன். கோடுகளை எண்ணுகிறேன். இரண்டு கோடுதானா, ஐந்தோ ஆறோ ஆகிவிட்டதா என்று ஒன்றுக்கு மூன்று தடவை பார்க்கிறேன். அக்கா எண்ணெய் வடிகிற வாளைக் கட்டைமேல் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயடியில் எதையோ கழுவுவது போல நிற்பார்.

"வச்சாச்சா கையை?" என்பார் திரும்பாமலே.

"இன்னும் இல்லக்கா. ரெண்டு கோடுதானே விழுந்திருக்கு?"

"ரெண்டுதான். பயப்படாம வை."

வைக்கிறேன். முடிந்ததும் அவரே வந்து மூன்றுக்கு நேரே கோடு போடுகிறார்.